நாஞ்சில் நாட்டு வானொலி ஒலிப்பதிவுகள்

நாஞ்சில் நாட்டு வானொலி ஒலிப்பதிவுகள் என்பன, தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்துக் கலைஞர்கள், உழவர்கள், எழுத்தாளர்கள் முதலியோரிடம் வானொலிக்காக எடுக்கப்பட்ட பேட்டிகளையும், அவ்வட்டாரக் கலைகளை வானொலிக்கெனப் பதிவு செய்த நாடாக்களையும் குறிக்கும். இவை பெரும்பாலும் திருநெல்வேலி, நாகர்கோவில் ஆகிய இரு அகில இந்திய வானொலி நிலையங்களோடு தொடர்புடையவை. வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, தோல்பாவைக் கூத்து ஆகியவை வழங்கும் பகுதி என்பதால் இங்குள்ள ஒலிப்பதிவுகள் நாட்டாரியல் ஆய்வுக்கு முதன்மைச் சான்றுகள் ஆகின்றன. எனினும் ஒலிபரப்பப்பட்டவை அனைத்தும் பாதுகாக்கப்பட்டவை அல்ல. காற்றில் போனது எவ்வளவு, நாடாவில் நின்றது எவ்வளவு என்ற கேள்வியே இப்பொருளின் மையம் எனலாம்.

பின்னணி

நாஞ்சில் நாடு என்பது பழைய வழக்கில் தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய இரு வட்டங்களைக் குறிக்கும். தோவாளை ஊர், நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே திருநெல்வேலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. வெளியூரார் இதனைப் பூச்சந்தையால் அறிவர். இங்கிருந்து கேரளத்திற்கும் பூக்கள் செல்கின்றன. ஓணக் காலத்தில் சந்தை இரவிலேயே களைகட்டிவிடும். கலை வரலாற்றில் ஊரின் பெயர் வேறொரு காரணத்தால் நிலைத்தது. தோவாளை சுந்தரம் பிள்ளை என்னும் வில்லுப்பாட்டுக் கலைஞரின் பெயருக்கு முன்னொட்டாக இவ்வூர் வழங்கிற்று. வட்டத்தின் தலைமையிடம் பூதப்பாண்டி ஆகும்.

இப்பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இணைந்திருந்தது. எனவே இதன் வானொலி வரலாறு சென்னையில் தொடங்கவில்லை. சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938 சூன் 16 அன்றும், திருச்சிராப்பள்ளியில் 1939 மே 16 அன்றும் தொடங்கின. அக்காலத்தில் நாஞ்சில் நாடு வேறோர் அரசின் கீழ் இருந்தது. திருவிதாங்கூர் அரசின் சொந்த வானொலி நிலையம் 1943 மார்ச் 12 அன்று திருவனந்தபுரத்தில் திறக்கப்பட்டது. 1950 ஏப்ரல் 1 அன்று அதனை அகில இந்திய வானொலி ஏற்றுக்கொண்டது. மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்து ஏழு ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1963 டிசம்பர் 1 அன்று, திருநெல்வேலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. தென் மாவட்டங்களுக்கு அருகிலேயே ஒலிப்பதிவுக் கூடம் ஒன்று கிடைத்தது அன்றுதான்.

இந்தத் தாமதத்தின் விலை பெரிது. ஒழுகினசேரியில் பிறந்து, வில்லுப்பாட்டைத் தமிழகம் முழுவதும் அறியச் செய்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 1957 ஆகத்து 30 அன்று காலமானார். தேரூரைச் சேர்ந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1954 இல் மறைந்தார். பூதப்பாண்டியில் பிறந்தவரும் தம் காலத்தின் பெரும் மேடைப் பேச்சாளர்களுள் ஒருவருமான ப. ஜீவானந்தம் 1963 சனவரி 18 அன்று, அதாவது திருநெல்வேலி நிலையம் தொடங்குவதற்குப் பத்து மாதங்களுக்கு முன், காலமானார். கலைவாணரின் குரல் திரைப்படங்களிலும் இசைத்தட்டுகளிலும் இருக்கிறது. மற்ற இருவருக்கும் அத்தகைய வாய்ப்பு இல்லை. தத்தம் ஊர்ப் பேச்சில், ஊர் மனிதர் ஒருவர் கேட்கும் கேள்விகளுக்கு அவர்கள் விடையளிப்பதைப் பதிவு செய்யும் நிலையம் அவர்கள் காலத்தில் இப்பகுதியில் இல்லை. அழகியபாண்டியபுரத்தைச் சேர்ந்த எழுத்தாளர் கிருஷ்ணன் நம்பி 1976 இல் மறைந்தபோது திருநெல்வேலி நிலையம் இருந்தது. ஆனால் நாகர்கோவிலில் நிலையம் அமைய இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன.

நாகர்கோவில் நிலையம்

இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நாகர்கோவிலில் 1984 அக்டோபர் 30 அன்று தொடங்கப்பட்டது. நிலையம் நகரின் கோணம் பகுதியில் உள்ளது. பிற்காலத்தில் 101 மெகாஹெர்ட்ஸ் பண்பலையில் 'குமரி எஃப்.எம்.' என்ற பெயரில் நேயர்களிடம் அறிமுகமானது.

உள்ளூர் நிலையம் என்னும் கருத்து அன்று புதியது. வழக்கமான வட்டார நிலையம் பல மாவட்டங்களுக்கு ஒருங்கே ஒலிபரப்பும். கலைஞர்கள் நிலையத்திற்கு வந்து ஒலிப்பதிவு அறையில் பாடுவர், பேசுவர். உள்ளூர் நிலையமோ ஏறத்தாழ ஒரு மாவட்டத்தை மட்டும் நோக்கியது. ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் செல்வது அதன் இயல்பான பணி. இதனால் பதிவாகும் குரல்களின் வகையே மாறிற்று. ஒலிப்பதிவு அறைக்கு வர வேண்டுமெனில் பயணச் செலவு, ஒரு நாள் கூலி இழப்பு, குரல் தேர்வு ஆகிய மூன்றையும் கடக்க வேண்டும். வயல் வரப்பிலும் கோயில் முற்றத்திலும் ஒலிவாங்கி வந்து நின்றால் இம்மூன்றும் தேவையில்லை.

தொழினுட்பக் காரணமும் ஒன்றுண்டு. திருநெல்வேலியின் மத்திய அலை நிலத்தை ஒட்டிப் பரவுவதால் மலைக்கு அப்பாலும் செல்லக்கூடியது. பண்பலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது, மலை மறித்தால் நிழல் விழும். மேற்குத் தொடர்ச்சி மலை கிளை விட்டு இறங்கும் இம்மாவட்டத்தில், பண்பலையின் எல்லையை அரசு ஆணையைவிட மலைகளே தீர்மானித்தன. அவ்வெல்லை பழைய நாஞ்சில் நாட்டையும் கல்குளம், விளவங்கோடு பகுதிகளையும் ஏறத்தாழ ஒத்திருப்பது சுவையானது.

வில்லுப்பாட்டு: கோயிலிலிருந்து ஒலிப்பதிவு அறைக்கு

இப்பகுதி ஒலிப்பதிவுகளுள் முதலில் கருதத்தக்கது வில்லுப்பாட்டு ஆகும். முத்தாரம்மன், சுடலைமாடன், இசக்கியம்மன் முதலிய தெய்வங்களின் கோயில் கொடை விழாக்களில் இது பாடப்படுகிறது. மணிகள் கட்டிய பெரிய வில், அதன் நாணைத் தட்டும் வீசுகோல்கள், குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவை இதன் கருவிகள். வில்லின் முன் அமரும் தலைமைப் பாடகருக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் பாடுவோர் அமர்வர். தலைமைப் பாடகர் கதையை எடுத்துச் செல்ல, மற்றவர்கள் அடியை வாங்கிப் பாடுவதும் இடையிடையே 'ஆமா' போடுவதும் மரபு.

நிகழ்ச்சிக்கு ஒரு வரிசை உண்டு. காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டு வளம் ஆகியவற்றிற்குப் பின்னரே கதை தொடங்கும். இறுதியில் வாழி பாடி முடிப்பர். கொடை விழாவில் ஒரு கதை பல மணி நேரம் நீளும். பல கதைகள் சேர்ந்தால் இரவு முழுவதும், மறுநாளும்கூடத் தொடரும்.

வானொலியில் அதற்குக் கிடைத்த காலம் அரை மணியும் அதற்குக் குறைவும். இந்த ஒரு மாற்றத்திலிருந்து பல மாற்றங்கள் பிறந்தன. காப்பும் அவையடக்கமும் சில அடிகளாகச் சுருங்கின. நாட்டு வளம் பெரும்பாலும் விடுபட்டது. கதை முழுமையாகச் சொல்ல இயலாததால், ஒரு நிகழ்வை மட்டும் எடுத்துத் தொடங்கி முடிக்கும் புதிய வடிவம் தேவையாயிற்று. உரையாடலும் நகைச்சுவையும் கூடின. குடும்ப நலம், சிறுசேமிப்பு, புதிய நெல் வகைகள் என அரசுத் துறைகளின் செய்திகளைச் சொல்லவும் இவ்வடிவம் வசதியாக இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு பாடிய காந்தி மகான் கதை, கோயிலுக்கு வெளியே வில்லுப்பாட்டால் எதனையும் சொல்ல முடியும் என்பதை முன்னரே காட்டியிருந்தது. திருநெல்வேலி அருகே சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து, என். எஸ். கிருஷ்ணனால் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்ட சுப்பு ஆறுமுகம் (1928–2022) மேடை, வானொலி, தொலைக்காட்சி வழியே இவ்வடிவத்தை நிலைநிறுத்தினார். அவருக்கு 2021 இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது. தமிழகத்தின் வட மாவட்டங்களில் வில்லுப்பாட்டு என்றவுடன் நினைவுக்கு வருவது இவ்வடிவமே. கொடை விழாவை நேரில் காணாதவருக்கு இரண்டும் ஒன்றெனத் தோன்றுவது இயல்பு.

இரண்டுக்கும் உள்ள தொலைவை அளந்து காட்டியவர் அமெரிக்க நாட்டாரியலாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன். 1970களின் பிற்பகுதியில் இவ்வட்டாரத்தில் தங்கிக் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டைப் பதிவு செய்த அவர், அதன் அடிப்படையில் எழுதிய நூலைப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் 1988 இல் வெளியிட்டது. தெய்வப் பிறப்புக் கதைகள், கொலையுண்டு தெய்வமானோர் கதைகள் என அவர் இரண்டாகப் பிரித்தார். கதையின் உச்சம் நள்ளிரவில் சாமியாட்டத்தோடு சேர்வதையும், பாட்டின் போக்கு அதற்கேற்ப மாறுவதையும் அவர் விளக்கினார். அவ்வேளையில் பாடகர் கேட்போருக்காக மட்டும் பாடுவதில்லை. எதிரே ஆடும் சாமியாடியைப் பார்த்தும் பாடுகிறார். ஒலிப்பதிவு அறையில் சாமியாடி இல்லை. எனவே கதையின் நடு நரம்பு அங்கு வேலை செய்வதில்லை. வானொலி நாடாவை மட்டும் கேட்டு வில்லுப்பாட்டின் இலக்கணத்தை எழுதுவோர் தவறுவது இவ்விடத்தில்தான்.

கதைத் தேர்விலும் வேறுபாடு உண்டு. பாபநாசம் சொரிமுத்து ஐயனார் கோயிலோடு தொடர்புடைய முத்துப்பட்டன் கதை, பிராமண இளைஞன் ஒருவன் சக்கிலியர் குலத்துச் சகோதரியர் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, மாடு திருடர்களோடு பொருது மடிந்ததைச் சொல்கிறது. எந்தச் சமூகத்தையும் புண்படுத்தலாகாது என்னும் ஒலிபரப்பு நெறிக்கு உட்பட்ட அரசு வானொலியில் இத்தகைய கதையை அதன் கூர்மை குன்றாமல் பாடுவது எளிதன்று. நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களை 1970களில் மதுரைப் பல்கலைக்கழகம் அச்சில் வெளியிட்டது. நாஞ்சில் நாட்டுக் கதைகள் பலவற்றை அ. கா. பெருமாள் ஏடுகளிலிருந்தும் கள ஆய்விலிருந்தும் தொகுத்துள்ளார். இவ்வகையில் சொற்கள் தப்பின. எந்த இடத்தில் உடுக்கை நின்றது, எங்கே 'ஆமா' தாழ்ந்து ஒலித்தது என்பதை அச்சுப் பக்கம் தராது. அதனைத் தருவது நாடா மட்டுமே, குறுக்கப்பட்ட வானொலி நாடாவாயினும்.

பிற கலைகள்

கணியான் கூத்தில் மகுடம் என்னும் தோற்கருவியும் அண்ணாவியின் பாட்டும் ஒலிப்பதிவில் நன்கு அமையும். பெண் வேடமிட்டு ஆடுவோரின் ஆட்டம் முற்றிலும் விடுபடும். தோல்பாவைக் கூத்தை மாவட்டத்தில் நிகழ்த்துவோர் மராத்தி மொழி பேசும் மண்டிகர் ஆவர். படக்கலையான இது வானொலிக்குப் பொருந்தாது என்று தோன்றலாம். உண்மையில் ஒரே கலைஞர் திரைக்குப் பின்னிருந்து இராமன், இராவணன், உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் மாற்றிப் பேசுவதால், காதால் மட்டும் கேட்பதிலும் சுவை குன்றுவதில்லை.

பேட்டிகளும் வட்டார வழக்கும்

கலை நிகழ்ச்சிகளுக்கு இணையான மதிப்பு, அவ்வளவாகப் பேசப்படாத வேளாண் பேட்டிகளுக்கு உண்டு. நாஞ்சில் நாட்டில் நெல் இரு பூவாக விளைகிறது. முதற்போகம் கன்னிப்பூ, இரண்டாம் போகம் கும்பப்பூ. குறுவை, சம்பா, தாளடி என்ற தஞ்சாவூர் வழக்கு இங்கில்லை. 1906 இல் முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையின் நீரும் பழையாற்று நீரும் எந்த மடை வழியாக, யார் முறையில், எப்போது வந்தன என்பதை வயதான உழவர் ஒருவர் விளக்கும்போது, அவர் பயன்படுத்தும் சொற்களுள் பல அகராதியில் இருப்பதில்லை. மரவள்ளிக் கிழங்கை மரச்சீனி என்றும், முந்திரிப் பழத்தைக் கொல்லாம்பழம் என்றும், நேந்திரம்பழத்தை ஏத்தன்பழம் என்றும் வழங்கும் பேச்சு இது. சொல்லை எழுதிவிடலாம், மலையாளச் சாயலுடன் அது இழுபடும் விதத்தை எழுத இயலாது.

தோவாளை வட்டத்து வீரநாராயணமங்கலத்தில் பிறந்த நாஞ்சில் நாடன், நாகர்கோவில் சுந்தர ராமசாமி, தேங்காய்ப்பட்டணம் தோப்பில் முகமது மீரான் முதலியோரின் படைப்புகளில் இப்பேச்சு வழக்கின் வெவ்வேறு வடிவங்கள் இலக்கியத்தில் இடம்பெற்றன. அப்படைப்புகளை வெளியூரில் வாசிப்பவர் மனத்தில் எழும் ஒலி பெரும்பாலும் வாசகரின் சொந்த ஊர் ஒலியே. மீரானின் கடற்கரைத் தமிழுக்கும் தோவாளை வயற்காட்டுத் தமிழுக்கும் உள்ள வேறுபாடு கேட்டால்தான் புலப்படும். வேளாண் பேட்டியை எடுத்தவருக்கு உர அளவைக் கேட்பதே நோக்கமாக இருந்திருக்கும். மொழியியல் ஆய்வாளருக்கு அதே நாடா புதையல். தன்னைப் பதிவு செய்கிறார்கள் என்ற கூச்சமின்றித் தன் தொழிலைப் பற்றிப் பேசுபவரின் மொழியே மிக இயல்பானது.

நாடாக்கள் அழிந்த விதம்

பண்பலைக் காலத்திற்கு முன்பும் பின்பும் நிலையங்களில் பயன்பட்டது கால் அங்குல அகலமுள்ள காந்த நாடா. 1,200 அடி நீள நாடா, நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓடினால் 32 நிமிடங்கள் வரும். வானொலி நிகழ்ச்சிகளின் அரை மணிக் கணக்கோடு இது நன்றாகப் பொருந்துகிறது.

நாடா விலை மிக்கது, மீண்டும் பயன்படுத்தத்தக்கது. இவ்விரு பண்புகளும் சேர்ந்தே அழிவைக் கொண்டுவந்தன. ஒலிபரப்பி முடிந்த நிகழ்ச்சி, நிலையான பாதுகாப்புக்கெனக் குறிக்கப்படாவிடில், நாடா அழிப்பானில் வைக்கப்பட்டு அடுத்த நிகழ்ச்சிக்குத் தரப்படும். இது ஓர் ஊழியரின் அலட்சியம் அன்று. நாடாவைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது அவர் கடமை. உலகெங்கும் இதே நிலைதான். பெரும் பொருள் வளம் கொண்ட பிபிசி நிறுவனமும் 1960களிலும் 1970களிலும் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பலவற்றை இவ்வாறே அழித்தது.

எதனைக் காப்பது என்ற முடிவில் ஒரு சாய்வு இருந்தது. தலைவர்களின் உரைகளும் செவ்வியல் இசையும் காக்கத்தக்கவை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. தில்லியிலுள்ள வானொலி மைய ஆவணக் காப்பகத்தின் பெருமைக்குரிய சேகரிப்புகளுள் ஒன்று, மகாத்மா காந்தி 1947 நவம்பர் 12 அன்று தில்லி ஒலிபரப்பு இல்லத்திலிருந்து ஆற்றிய உரை. கருநாடக இசை மேதைகளின் கச்சேரிகளும் பிரதி எடுத்துக் காக்கப்பட்டன. கொடை விழாப் பாடகரோ அடுத்த மாதமும் வந்து பாடுவார் என்ற எண்ணம் இருந்தது. ஊரில் எப்போதும் இருப்பதைப் பதிவு செய்து பூட்டி வைப்பானேன் என்ற கேள்விக்கு அன்று விடை சொல்வது கடினம். அவர் வராத ஆண்டில்தான் நாடாவின் அருமை தெரிந்தது. அதற்குள் அந்த நாடாவில் வேறொரு நிகழ்ச்சி ஏறியிருக்கும்.

அழிக்கப்படாத நாடாவும் தானாகக் கெடும். அசிட்டேட்டு நாடாக்கள் வேதிச் சிதைவால் புளித்த வாடை வீசி, சுருங்கி நொறுங்கும். பிற்கால நாடாக்கள் சிலவற்றில் காந்தத் துகள்களை ஒட்டும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். ஓட்டினால் துகள்கள் உரிந்து கருவியின் முனையில் ஒட்டும், ஒலியும் அவற்றோடு போகும். இரு பருவமழைகளையும் கடற்காற்றையும் பெறும் கன்னியாகுமரி மாவட்டம் காந்த நாடாவுக்கு உகந்த இடமன்று. நெடுங்காலம் சுற்றியே கிடந்தால் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் பதிந்து, பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே அவர் குரல் மெல்லக் கேட்கும். இதனைக் குறைக்க நாடாவை வால்பக்கம் வெளியே இருக்குமாறு சுற்றி வைப்பது வழக்கம்.

நாடா நலமாக இருந்தாலும் ஓட்டும் கருவி வேண்டும். ஆத்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015 அளவில், கருவிகளும் அவற்றைச் செப்பனிடத் தெரிந்தோரும் அருகி வருவதால் 2025க்குப் பின் காந்த நாடாக்களைப் படிப்பது அரிதாகிவிடும் என்று எச்சரித்தது. அந்த ஆண்டும் கடந்துவிட்டது.

நிலையத்திற்கு வெளியே உள்ள பதிவுகள்

நிலையத்தில் அழிந்தது வேறிடத்தில் இருக்கக்கூடும். 1980களில் ஒலிப்பேழை மலிவானபோது கோயில் விழாக் குழுவினரும் ஒலிபெருக்கி அமைப்போரும் கொடை இரவுகளைப் பதிவு செய்யத் தொடங்கினர். வில்லுப்பாட்டுக் குழுக்களின் பேழைகள் கடைகளிலும் விற்பனைக்கு வந்தன. வானொலி நிகழ்ச்சியைப் பெட்டியிலிருந்தே பதிவு செய்து வைத்த நேயர்களும் உண்டு. ஒலித்தரத்தில் இவை தாழ்ந்தவை. ஆனால் வானொலி தராத ஒன்றை, அதாவது நேரக் கட்டுப்பாடில்லாத முழு நிகழ்ச்சியை, குலவையும் வேட்டொலியும் சேர இவை தருகின்றன. அறுபது நிமிடப் பேழையை அரை மணிக்கொருமுறை திருப்பிப் போட வேண்டியிருந்ததால் கதையில் சிறு இடைவெளிகள் விழுந்திருக்கும், அவ்வளவே.

நிறுவனங்களுள் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் தென் மாவட்டக் கலைகளைத் தொடர்ந்து ஆவணப்படுத்தி வந்துள்ளது. அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் 1982 இல் தொடங்கிய இசையியல் ஆவணக் காப்பகம், வெளிநாட்டு ஆய்வாளர்கள் இந்தியாவில் செய்த களப்பதிவுகளின் படிகளை இந்தியாவிலேயே கிடைக்கச் செய்வதைத் தன் முதன்மை நோக்கமாகக் கொண்டது. ஈழத்தில் 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம், நூல்களோடு நில்லாமல் வாய்மொழி வரலாறுகளையும் ஒலி வடிவில் சேர்த்து வருகிறது. பதிவு ஊருக்குத் திரும்பினால் என்ன நிகழும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. டச்சு இசையியலாளர் ஆர்னால்டு பாக்கே 1938 இல் தமிழகம், கேரளம், கருநாடகம் ஆகிய பகுதிகளில் செய்த பதிவுகளை, நசீர் ஜைரசுபாயும் ஏமி கேட்லினும் 1984 இல் அதே ஊர்களுக்கு எடுத்துச் சென்று பாடகர்களுக்கும் வழித்தோன்றல்களுக்கும் போட்டுக் காட்டினர். எது மாறியது, எது நின்றது என்பதை ஊராரே சொன்னார்கள். நாகர்கோவில் நிலையம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

உரிமை

பழைய நாடாக்களைப் பொதுமக்கள் கேட்கத் தருவதில் சட்டச் சிக்கலும் உண்டு. ஒலிப்பதிவின் பதிப்புரிமை, இந்தியச் சட்டப்படி வெளியிடப்பட்ட ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள். 1994 இல் செய்யப்பட்ட திருத்தம் நிகழ்த்துநருக்குத் தனி உரிமை அளித்தது. முதலில் 25 ஆண்டுகளாக இருந்த அதன் காலத்தை 1999 திருத்தம் 50 ஆண்டுகளாக்கியது. அதற்கு முன் பாடியவர்கள் நிலையத்திலிருந்து ஒருமுறை பெற்ற ஊதியத்தோடு கணக்கு முடிந்தது. அவர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இணையம் என்ற சொல் இருந்திருக்க வழியில்லை. 1997 நவம்பர் முதல் வானொலி பிரசார் பாரதியின் கீழ் உள்ளது. நாடா அந்நிறுவனத்தினுடையது, குரல் பாடகருடையது, கதை எவரோ எழுதிய ஏட்டிலிருந்து வந்து ஊருக்குச் சொந்தமானது. குடும்பத்தார் தம் தந்தையின் பாட்டைக் கேட்க விரும்பினால் ஒரு படியைத் தருவதற்கு எளிய நடைமுறை ஒன்று இருப்பது நியாயமானது. வணிக உரிமை பற்றிய விவாதத்தில் இச்சிறு தேவை மறைந்துவிடுகிறது.

இலக்கமுறையாக்கம்

நாடாவை இலக்கமுறைக் கோப்பாக மாற்றுவதற்குப் பன்னாட்டு ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் பரவலாக ஏற்கப்பட்டுள்ளன. குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், இயன்றவரை 96 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதமும் 24 பிட்டு ஆழமும், சுருக்கப்படாத கோப்பு வடிவமும் வேண்டும் என்பது அதன் பரிந்துரை. இவ்வளவில் ஒற்றைத் தட ஒலி ஒரு மணிக்கு ஏறத்தாழ ஒரு கிகாபைட்டு இடம் கொள்ளும். ஆயிரம் மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ ஒரு டெராபைட்டு இடம் வேண்டும். சேமிப்பிடம் இன்று தடையே அன்று.

தடை நேரத்தில் உள்ளது. நாடாவை அதன் வேகத்திலேயே ஓட்ட வேண்டும். ஒரு மணி நாடாவுக்கு ஒரு மணி, அதற்கு முன் துடைத்தல், ஒலிமுனையின் சாய்வைச் சரிசெய்தல், பின் சரிபார்த்தல் என உழைப்பு இரண்டு மூன்று மடங்காகும். பழைய ஒலியில் உள்ள இரைச்சலை நீக்கும் ஆர்வமும் கட்டுப்படுத்தப்பட வேண்டியது. வில்லின் மணியோசையும் தாளத்தின் அதிர்வும் இரைச்சல் நீக்கிகளுக்கு இரைச்சலாகவே தெரியும். எனவே தூய்மைப்படுத்தாத மூலப்படி ஒன்றைத் தனியே வைப்பது நெறி.

அதனினும் கடினமானது விவரம் சேர்த்தல். உறையில் 'வில்லிசை, குழுவினர்' என்று மட்டும் எழுதியிருந்தால், பாடியவர் யார், குடம் அடித்தவர் யார், எந்தக் கதை, எந்த ஊர், எந்த ஆண்டு என்பவற்றைக் கேட்டே கண்டறிய வேண்டும். தலைமைப் பாடகரின் பெயர் பெரும்பாலும் தப்பும், பக்கப் பாடகர்களின் பெயர் தப்புவது அரிது. குரலைக் கேட்டவுடன் இன்னார் என்று சொல்லக்கூடியவர்கள் தோவாளை, பூதப்பாண்டி, ஆரல்வாய்மொழி ஊர்களின் கொடை விழாக்களில் முன்வரிசையில் அமர்ந்திருந்த முதியவர்கள். உறையின் இருபக்க ஒளிப்படத்தையும் நாடாவோடு இருந்த குறிப்புத் தாளையும் ஒலிக்கோப்புடன் ஒரே எண்ணிட்டு வைப்பதும், அம்முதியவர்களுக்கு ஒலியைப் போட்டுக் காட்டி அவர்கள் சொல்வதைத் தனிக் கோப்பாகப் பதிவதும் காப்பகத்தார் பின்பற்றும் முறையாகும்.